இரண்டு முனை, நடுவில் ஒரு இடைவெளி

அமெரிக்காவில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு அரசுப் பள்ளிக் கதவைத் திறந்துவிட்டது 1975ஆம் ஆண்டுச் சட்டம். ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்திட்டம் எழுதணும் என்றது. சரி, உள்ளே வந்தாச்சு. ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது?

1986 திருத்தம், 3 வயதில் மழலையர் பள்ளிக்கு மாறுவதைக் கவனித்தது. 1990 திருத்தம், பள்ளி முடிந்தபின் என்ன என்று 16 வயதுக்குள் திட்டமிடச் சொன்னது. இரண்டு முனையும் கட்டியாச்சு.

நடுவில்? ஒரே வகுப்பாசிரியரிடம் பழகிய 11 வயதுப் பிள்ளை, பாடத்துக்கொரு ஆசிரியர் இருக்கிற நடுநிலைப் பள்ளிக்குப் போகிறது. ஆண்டுத் திட்டம் உண்டு. அந்த மாற்றத்துக்கென்று தனித்திட்டம் வேண்டும் என்று இந்தச் சட்டம் கேட்கவில்லை. புதுப் பள்ளியை முன்னாடியே சுற்றிக்காட்டுவது, பழைய ஆசிரியர் புதியவரிடம் பேசுவது எல்லாம் பெரும்பாலும் நல்ல மனசைப் பொறுத்தது.

எங்க மென்பொருள் வேலையிலும் கைமாறும் இடத்தில்தான் பிழை புகும். அங்கே நாங்க திருத்திக்கலாம். இங்கே அந்த வருஷம் போனது போனதுதான்.