டி. டி. நைல்ஸ்

டானியல் தம்பிராஜா நைல்ஸ் (4 மே 1908 – 17 ஜூலை 1970) இலங்கைத் தமிழர். மெதடிஸ்த போதகர், இறையியல் நூலாசிரியர், கிறிஸ்தவப் பாடலாசிரியர். ஆசியத் திருச்சபைகளை ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர்.

பின்னணி

வெஸ்லியன் (மெதடிஸ்த) மிஷனரிகள் 1814-இல் இலங்கைக்கு வந்தனர். அதே ஆண்டில் யாழ்ப்பாணத்திலும் ஊழியம் தொடங்கியது. மிஷனரி பீற்றர் பேர்சிவல் காலத்தில் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் பயின்றதும் பின்னர் கற்பித்ததும் அவர்களுடைய பள்ளியில்தான். அப்பள்ளியே இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி. நைல்ஸ் பிற்காலத்தில் அதன் அதிபராக இருந்தார். யாழ்ப்பாணத்தை அடுத்த பகுதியில் பிறந்த இவரின் தாத்தா போதகர், தந்தை வழக்கறிஞர். பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் பயின்றபின் நைல்ஸ் மெதடிஸ்த ஊழியத்தில் சேர்ந்தார்.

ஊழியமும் சிந்தனையும்

1938 டிசம்பரில் தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் நடந்த பன்னாட்டு மிஷனரி மன்ற மாநாட்டில் அவர் பங்கேற்றார். பிற சமயங்களை எப்படி அணுகுவது என்பதே அங்கு பெரும் விவாதம். அக்கேள்வி நைல்ஸுக்குப் புதியதல்ல. 1935-இல் சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த்தைச் சந்தித்தபோது, பிற சமயங்கள் அவிசுவாசமே என்றார் பார்த். இந்துக்கள் எத்தனை பேரைச் சந்தித்திருக்கிறீர்கள் என்று நைல்ஸ் கேட்டார். ஒருவரையும் இல்லை என்று பதில் வந்தது. பின் எப்படித் தெரியும் என்றதற்கு, அது அனுபவத்துக்கு முந்திய முடிவு என்றார் பார்த். இந்துக்களும் பௌத்தர்களும் அண்டை வீட்டாராக வாழும் மண்ணிலிருந்து வந்த நைல்ஸுக்கு அந்தப் பதில் போதவில்லை. நற்செய்தியாளர் போய்ச் சேருமுன்பே கிறிஸ்து அங்கே செயல்படுகிறார் என்பது அவரது எழுத்தின் மையக் கருத்தாயிற்று.

இலங்கை தேசிய கிறிஸ்தவ மன்றத்தில் பணியாற்றியபின் 1940களின் பிற்பகுதியில் பருத்தித்துறையில் சபைப் போதகராக இருந்தார். அந்தப் பொறுப்பில் இருந்தபோதே, 1948-இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் முதல் பேரவையில் தொடக்க ஆராதனைச் செய்தி அளிக்கும் வாய்ப்பு வந்தது. அப்போது வயது 40. 1957-இல் யேல் பல்கலைக்கழகத்தின் லைமன் பீச்சர் சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். 1968-இல் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் உப்சாலா பேரவையின் தொடக்கச் செய்திக்கு அழைக்கப்பட்டிருந்தவர் மார்ட்டின் லூதர் கிங். ஏப்ரலில் அவர் கொல்லப்பட்டதால் அந்த இடத்தில் நைல்ஸ் பேசினார். அந்தப் பேரவையே அவரை மன்றத்தின் தலைவர்களுள் ஒருவராகத் தேர்ந்தது.

ஆசியத் திருச்சபைகள்

மேற்கத்திய மிஷன்களின் வழியாகவே ஒன்றையொன்று அறிந்திருந்த ஆசியத் திருச்சபைகள் நேரடியாகக் கைகோக்க வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. 1957-இல் இந்தோனேசியாவின் பிராபட்டில் எடுத்த முடிவின்படி, 1959-இல் கோலாலம்பூரில் கிழக்காசியக் கிறிஸ்தவ மன்றம் தொடங்கியது. 1968 வரை நைல்ஸ் அதன் பொதுச்செயலர். அதற்காக 1963-இல் அவர் தொகுத்த பாடல் நூலில் ஆசிய நாடுகளின் மெட்டுகளுக்குப் பெரிய இடம் கிடைத்தது. பல பாடல்களை அவரே ஆங்கிலத்தில் இயற்றினார். அவற்றில் திரித்துவத்தை நோக்கிய மன்றாட்டாக அமைந்த ஒன்று பிலிப்பைன்ஸின் எலேனா மகிசோ அமைத்த மெட்டில் இன்றும் பல நாடுகளில் பாடப்படுகிறது.

திருச்சபை ஒன்றிப்பு

1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானது. திருச்சி, தஞ்சைப் பகுதியின் வெஸ்லியன் சபைகளும், இடுக்கி மலைநாட்டில் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சங்கம்) ஊழியத்தால் எழுந்த ஆங்கிலிக்கன் சபைகளும் அதனால் ஒரே திருச்சபைக்குள் வந்தன. அமெரிக்க வழி மெதடிஸ்த சபைகள் சேரவில்லை. இலங்கையிலும் இப்படியொரு ஒன்றிப்பு நிகழ வேண்டுமென நைல்ஸ் உழைத்தார். அத்திட்டம் 1970களின் தொடக்கத்தில் நீதிமன்ற வழக்கால் நின்றுபோனது.

இறுதிக் காலமும் நினைவும்

1968-இல் இலங்கை மெதடிஸ்த திருச்சபையின் தலைவரானார். அப்பொறுப்பில் இருக்கும்போதே 1970-இல் வேலூரில் காலமானார். உலக அமைப்புகளில் பதவிகள் வகித்தபோதும் இலங்கை ஊழியத்தை அவர் விட்டுவிடவில்லை. அவர் வளர்த்த கிழக்காசியக் கிறிஸ்தவ மன்றம் 1973-இல் ஆசியக் கிறிஸ்தவ மன்றம் எனப் பெயர் மாறியது. அதன் பேரவைகளில் அவர் பெயரால் நினைவுச் சொற்பொழிவு நிகழ்த்தும் மரபு அந்த ஆண்டின் சிங்கப்பூர்ப் பேரவையிலிருந்து வருகிறது.