ட்ரங்க் கால் முதல் எம்.பி.எல்.எஸ். வரை

தொலைத்தொடர்பு வேலையில் இருப்பவன் என்பதால், முன்பதிவின் கதையை இந்த மலரில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

திருவிடந்தையிலிருந்து வெளியூருக்குப் பேசணும்னா ஒரு காலத்தில் ட்ரங்க் கால் 'புக்' பண்ணணும். சாதாரணம், அர்ஜென்ட், லைட்னிங் என்று வகை. கட்டணமும் அப்படியே ஏறும். லைன் கிடைத்துவிட்டால் பேசி முடிக்கும்வரை அது நம்முடையது. 1960-ல் லக்னோ–கான்பூர் இடையே எஸ்.டி.டி. வந்தபின், புக் பண்ணும் வழக்கம் படிப்படியாக மறைந்தது.

இணையத்தில் அந்த உத்தரவாதமே கிடையாது. 1986-ல் சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட எட்டு நிறுவனங்களோடு எர்நெட் தொடங்கியது. 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் தந்தது. பாக்கெட்டுகள் நெரிசலில் காத்திருக்கும், இடமில்லாவிட்டால் தொலையும். மின்னஞ்சலுக்குப் பரவாயில்லை, குரலுக்கும் படத்துக்கும் தாங்காது.

அதற்காக லிக்ஸியா ஜாங் முதலானோர் 1993-ல் ஆர்.எஸ்.வி.பி. முறையை முன்வைத்தார்கள், 1997-ல் அது தரநிலை ஆனது. அனுப்புபவரின் செய்தி வழியைக் காட்டும். பெறுபவரின் பதில் அதே வழியில் திரும்பி, ஒவ்வொரு ரௌட்டரிலும் இடம் பிடிக்கும். சுமார் 30 விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கணும்; விட்டால் சிறிது நேரத்தில் பதிவு காலாவதி. சிக்கல் எங்கேன்னா, முதுகெலும்பு வலையில் லட்சக்கணக்கான உரையாடல்களுக்குத் தனித்தனிக் கணக்கு வைக்க ரௌட்டர்களால் முடியாது.

அதே காலத்தில் சீட்டு முறை வளர்ந்தது. பாக்கெட்டின் முழு விலாசத்தைப் படிக்காமல், மேலே ஒட்டிய சிறு எண்ணைப் பார்த்து அனுப்புவது. ஒவ்வொரு ரௌட்டரும் பழைய சீட்டை எடுத்துப் புதியதை ஒட்டும். 2001 ஜனவரியில் இது எம்.பி.எல்.எஸ். என்று தரநிலை பெற்றது.

அந்த டிசம்பரிலேயே இரண்டும் சேர்ந்து ஆர்.எஸ்.வி.பி.-டி.இ. வந்தது. நித்யகல்யாணப் பெருமாள் ஊர்க்காரர்களுக்கு எளிதில் புரியும்: கல்யாண கோஷ்டிக்கு ஆளுக்கொரு டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸையே பேசிவிடுவது! தனி உரையாடலுக்குப் பதில், ஊருக்கு ஊர் போகும் மொத்தப் பாதைக்கே பதிவு. போட்டியாக இருந்த சி.ஆர்.-எல்.டி.பி. முறையை 2003-ல் ஐ.இ.டி.எஃப். கைவிட்டது. 2005-ல் வந்த மாற்றுப்பாதை ஏற்பாட்டில், எங்கோ சாலை தோண்டி ஃபைபர் அறுந்தாலும், முன்பே போட்டுவைத்த பாதைக்குச் சில பத்து மில்லிவிநாடிகளில் போக்குவரத்து மாறிவிடும். பி.எஸ்.என்.எல்.-லும் 2000-களில் எம்.பி.எல்.எஸ். முதுகெலும்பு அமைத்தது.

மாணவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. இந்தப் பதிவு பெரும்பாலும் கணக்குப் புத்தகத்தில்தான். 100 மெகாபிட் பதிந்தோம் என்பதற்காக ஃபைபரில் அவ்வளவு இடம் பூட்டி வைக்கப்படுவதில்லை. எந்த பாக்கெட்டுக்கு முன்னுரிமை என்பதைத் தனியே அமைக்கணும்.

2018-ல் தரநிலையான செக்மென்ட் ரௌட்டிங், நடுவழி ரௌட்டர்களில் பாதைக்கொரு கணக்கு வைக்கும் சுமையையும் நீக்கியது. ஆனாலும், இருக்கும் இடத்தை யாருக்கு எவ்வளவு என்று பங்கிடும் கணக்கு ஓயவில்லை. அதை யாராவது, எங்காவது போட்டுத்தான் ஆகணும். பழைய மாமல்லபுரம் சாலையில் நாளை வேலைக்குச் சேரப்போகும் தம்பி தங்கைகளே, அந்தக் கணக்கு இனி உங்கள் கையில். வாழ்த்துக்கள்!