மறதி நோயும் ஆதரவுச் சிகிச்சையும்

டிமென்ஷியா எனப்படும் மறதி நோய், முதுமையில் இயல்பாக வரும் மறதி அன்று. மூளைச் செல்கள் மெல்ல அழிவதால் நினைவு, பேச்சு, நடை என ஒவ்வொன்றாகக் குன்றி, இறுதியில் விழுங்கும் திறனும் குறைகிறது. முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. எனவே துன்பம் தணிக்கும் ஆதரவுச் சிகிச்சை இந்நோயாளிகளுக்கு மிகவும் தேவை. ஆனால் அது அவர்களிடம் தாமதமாகவே வந்து சேர்ந்தது.

தனித்தனித் தொடக்கங்கள்

ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், பின்னர் தம் பெயராலேயே அழைக்கப்பட்ட நோயை 1906இல் விவரித்தார். சிசிலி சாண்டர்ஸ் 1967இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கியபோது, அங்கு பெரிதும் கவனிக்கப்பட்டவர்கள் புற்றுநோயாளிகளே. 1986இல் மும்பையில் தோன்றிய சாந்தி அவேத்னா இல்லமும் அவ்வழியே சென்றது.

கோவைக்கு மேற்கே, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிய கேரளத்தில் இரு முயற்சிகளும் அடுத்தடுத்துப் பிறந்தன. மருத்துவர் ஜேக்கப் ராய் 1992இல் மறதி நோயாளிகளுக்கான சங்கத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு கோழிக்கோட்டில் வலி தணிப்புச் சங்கம் உருவானது. 2008இல் கேரள அரசு ஆதரவுச் சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது.

உயிர்குடிக்கும் நோய் என்ற தெளிவு

அமெரிக்காவில் முற்றிய மறதி நோயுள்ள 323 பேரைப் பற்றிய ஆய்வு 2009இல் வெளியானது. 18 மாதங்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சுமார் 86 விழுக்காட்டினருக்கு உண்பதில் சிக்கல் இருந்தது. இதுவும் உயிர்குடிக்கும் நோயே என்பது உறுதியாயிற்று. முற்றிய நிலையில் குழாய்வழி உணவைத் தவிர்த்து, கையால் பொறுமையாக ஊட்டுவதே நல்லது என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல் அறிவுறுத்தியது.

கொங்கு நாட்டில்

தோட்டத்துச் சாளைகளில் வயதான தம்பதியர் தனித்திருக்க, பிள்ளைகள் திருப்பூரிலோ வெளிநாட்டிலோ வேலை செய்வது இங்கு வழக்கமாகிவிட்டது. ஒருவருக்கு மறதி நோய் வந்தால் மற்றவரே செவிலியர். இத்தகையோரை மருத்துவமனைக்கு அழைப்பதைவிட, மருத்துவம் அவர்களின் வாசலுக்குச் செல்வதே பொருத்தம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளோடு வீட்டிலேயே தரும் ஆதரவுச் சிகிச்சையும் இடம்பெற்றுள்ளது. வீட்டுக்கு வரும் பணியாளர் கேட்க வேண்டியவை எளியவை: சாப்பிடும்போது புரையேறுகிறதா? படுக்கைப்புண் உள்ளதா? புரட்டும்போது முகம் சுளிக்கிறாரா? வலியை வாய்விட்டுச் சொல்ல இயலாதவருக்கு முகமே மொழி. கடைசியாக இன்னொன்றும் கேட்க வேண்டும்: பார்த்துக்கொள்பவர் நேற்றிரவு தூங்கினாரா?