பாயிரம் கேளா மாணாக்கன்: நச்சினார்க்கினியர் உரைப்பகுதி ஒன்றும் முன்னறிந்து கற்றலும்

தமிழ் இலக்கண நூல்களின் பாயிரத்தைப் புகழுரை மரபின் ஒரு கிளையாகக் கொண்டு, நூலாசிரியனின் பெருமையை அவையோர் ஏற்கச் செய்வதே அதன் முதன்மைப் பணி என்றும், கற்பித்தலோடு அதற்குள்ள தொடர்பு பெயரளவினது என்றும் கருதும் போக்கு ஆய்வுலகில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. இக்கருத்துக்குச் சான்று இல்லாமல் இல்லை. சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியனின் ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோருள் ஒருவர் செய்ய வேண்டும் என்று நன்னூல் விதிப்பதும், தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பதை அவ்விதியை அடுத்தே கூறுவதும், தற்புகழ்ச்சி குற்றமாகாத இடங்களைத் தனியே வரையறுப்பதும் பாயிரத்தில் புகழ்ச்சிக்கு இடமுண்டு என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகின்றன. ஆயினும் பாயிரத்தை யார் செய்ய வேண்டும் என்ற வினாவுக்குரிய விடையைக் கொண்டு, அதை யார் பொருட்டுச் செய்தனர் என்ற வினாவையும் முடித்துவிட்டதே இப்போக்கின் அடிப்படைக் குறை. இரண்டாம் வினாவுக்கு நேரான விடை, தொல்காப்பியச் சிறப்புப் பாயிரத்துக்கு நச்சினார்க்கினியர் வரைந்த உரையின் தொடக்கப் பகுதியில் இருக்கிறது. பலரும் மேற்கோளாக எடுத்தாளும் அப்பகுதி வாக்கிய அமைப்போடு ஆராயப்பட்டதாகத் தோன்றவில்லை.

அவ்வுரைப்பகுதியில் ஐந்து உவமைகள் அடுத்தடுத்து வருகின்றன. நூல் கேட்பவன் முதலில் பாயிரத்தைக் கேட்டால், துளையிடும் ஊசி சென்ற வழியில் தைக்கும் ஊசி எளிதாகச் செல்வதுபோல நூல் இனிது விளங்கும் என்பது முதல் உவமை. இதை அடுத்து, பாயிரம் பருமையான பொருளை உடையது, நூல் நுண்ணிய பொருளை உடையது என்னும் வேறுபாடு ஒரு மேற்கோளால் நிறுவப்படுகிறது. பின்னர், யானைக்குத் தொழில் தேர்ந்த பாகன் போலவும் அளக்கலாகாத வானத்துக்குத் திங்களும் ஞாயிறும் போலவும் பாயிரம் நூலுக்கு இன்றியமையாதது என்று கூறப்படுகிறது. இறுதியில், அதைக் கேளாத மாணாக்கன் குன்றில் மோதிய குருவி போலவும், வேட்டுவர் வாழும் குறிச்சிக்குள் புகுந்த மான் போலவும் இடர்ப்படுவான் என்று பகுதி முடிகிறது.

புகழுரைக் கொள்கையினர் எடுத்துக்காட்டுவன பாகனும் சுடர்களும் ஆகிய நடு உவமைகள் இரண்டையுமே. அவை நூலையும் பாயிரத்தையும் மட்டுமே தொடர்புபடுத்துகின்றன, கற்பவனுக்கு அவற்றில் இடமில்லை என்பது உண்மைதான். ஆனால் உரைகாரர் அவ்விரண்டையும் ஏதுவாக மட்டுமே வைக்கிறார். பாயிரம் இத்தகைய சிறப்புடையதாய் இருத்தலால் என்று காரணப் பொருளில் அத்தொடரை நிறுத்தி, அதைக் கேளாதபோது மாணாக்கன் இடர்ப்படுவான் என்பதை வாக்கியத்தின் முடிபாக வைக்கிறார். முதல் உவமை அமைந்த வாக்கியத்திலும் நூல் இனிது விளங்குதலே ஏதுவாகவும், ஆகவே பாயிரம் கேட்டல் வேண்டும் என்பதே முடிபாகவும் நிற்கின்றன. ஆகவே பகுதியின் இரு முனைகளிலும் நிற்பவன் கேட்கும் மாணாக்கனே, புகழ்ச்சி இடையில் நின்று அவனுக்குத் துணை செய்கிறது. உரைகாரர்களின் தொடர் அமைப்பில் ஏது எது, முடிபு எது என்று பிரித்துக் காண்பது தமிழாய்வில் புதிய முறை அன்று. பாயிர ஆய்வில் மட்டும் அது ஏன் கைவிடப்பட்டது என்பது வியப்புக்குரியது.

இறுதி உவமைகள் இரண்டையும் ஒரே பொருளை இருமுறை கூறும் அலங்காரமாகக் கொள்வதும் பொருந்தாது. குன்றில் மோதும் குருவிக்கு உட்புக வழியே தெரிவதில்லை. குறிச்சிக்குள் புகுந்த மானோ தடையின்றி உள்ளே வந்துவிட்டது, தான் எங்கே நிற்கிறது என்பதுதான் அதற்குத் தெரியவில்லை. முன்னது நூலின் பேரளவு கண்டு திகைத்து நிற்கும் மாணாக்கனின் நிலை. பின்னது ஒவ்வொரு நூற்பாவுக்கும் பொருள் தெரிந்திருந்தும் அந்நூற்பா எதன் பொருட்டு அங்கே நிற்கிறது என்று அறியாத மாணாக்கனின் நிலை. உரைகாரர் இவ்வேறுபாட்டைத் தாமே விரித்துரைக்கவில்லை. எனினும் இரு உவமைகளுக்கும் வேறு வேறு நிகழ்வுகளை அவர் தேர்ந்திருப்பதைத் தற்செயல் என்று ஒதுக்குவது எளிதன்று.

ஊசி உவமையும் இதே நோக்கில் கூர்ந்து காணத்தக்கது. தோல் தைப்பவன் கையில் துளையிடும் ஊசி நூலிழையைக் கொண்டு செல்வதில்லை, தையலும் இடுவதில்லை, அது செய்வது வழி ஒன்றே. பாயிரம் நூலின் சுருக்கம் அன்று என்பதும், நூல் தரும் அறிவின் எப்பகுதியையும் அது முன்கூட்டித் தருவதில்லை என்பதும் இதனால் பெறப்படும். பாயிரத்தை நூற்பொருளின் தொகுப்புரையாகக் கருதி, தொகுப்புரை என்ற அளவில் அது குறையுடையது என்று கூறுவோர் அதனிடம் இல்லாத கடமையை அதன்மேல் ஏற்றுகின்றனர்.

நன்னூல் சிறப்புப் பாயிரத்துக்கு வகுக்கும் எட்டுச் செய்திகள் ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன. இவற்றுள் ஆசிரியனை நேராகச் சுட்டுவது முதலாவது ஒன்றே. இந்நூல் எந்நூலின் வழி வந்தது, எந்நிலத்தில் வழங்குவது, எதைப் பற்றியது, யாருக்கு உரியது, கற்றால் என்ன கிட்டும் என்பன கற்கத் தொடங்குபவன் எழுப்பும் வினாக்கள். காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் கூட்டிப் பதினொன்றாகக் கொள்வோர் கருத்தை ஏற்றாலும் இக்கணக்கு பெரிதும் மாறாது.

தொல்காப்பியத்திலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒவ்வொன்றிலும் ஒன்பது இயல்கள் கொண்ட மூன்று அதிகாரங்களாக, 1600 அளவிலான நூற்பாக்களோடு நிற்கும் அந்நூலின் முதல் நூற்பா, சார்ந்து வரும் மூன்றும் நீங்கலாக எழுத்துகள் முப்பது என்று தொடங்குகிறது. அம்மூன்று எவை என்பது அடுத்த நூற்பாவில்தான் கூறப்படுகிறது. அடுத்து மாத்திரை, மயக்கம், பிறப்பு, புணர்ச்சி என்று நூல் விரியும்போது, இவ்வளவு நுணுக்கமும் எங்கே கொண்டு செல்லும் என்பதை எழுத்ததிகாரம் கூறுவதில்லை. அந்நூலுக்குப் பனம்பாரனார் செய்த சிறப்புப் பாயிரம் அதைக் கூறுகிறது. வேங்கடம் முதல் குமரி வரை வழங்கும் தமிழின் உலக வழக்கையும் செய்யுளையும் அடிப்படையாகக் கொண்டு எழுத்து, சொல், பொருள் ஆகிய மூன்றும் ஆராயப்பட்டன என்ற செய்தியை முன்பே கேட்டவன், எழுத்ததிகாரத்தை மூன்றில் முதற்படியாகவும், புணர்ச்சி விதிகளை வழக்குக்கும் செய்யுளுக்கும் உரியனவாகவும் கொண்டே உள்ளே நுழைகிறான். விதி ஒன்றையும் அவன் இன்னும் அறியவில்லை. விதிகள் வந்து அமர வேண்டிய இடத்தை மட்டும் அறிந்திருக்கிறான்.

இவ்வறிதல் கேட்பதற்கு முன்பே நிகழ வேண்டுமா, பின்னர்க் கூறினாலும் போதாதா என்ற வினாவுக்கு உரைகள் நேரான விடை தருவதில்லை. இங்கு 1972இல் பிரான்ஸ்ஃபோர்ட், ஜான்சன் ஆகிய உளவியலாளர் இருவர் வெளியிட்ட சோதனை துணை செய்கிறது. துணி துவைக்கும் முறையை, துணி என்ற சொல்லோ துவைத்தல் என்ற சொல்லோ வராமல், எளிய சொற்களால் விவரிக்கும் ஒரு பத்தி மூன்று குழுக்களுக்குப் படித்துக் காட்டப்பட்டது. தலைப்பே அறியாத குழு பத்தியிலுள்ள 18 கருத்துக் கூறுகளில் சராசரியாக 2.82ஐ நினைவுகூர்ந்தது. தலைப்பைப் பின்னர் அறிந்த குழு 2.65ஐயும், முன்னரே அறிந்த குழு 5.83ஐயும் நினைவுகூர்ந்தன. பத்தியில் கடினமான சொல் ஏதும் இல்லை, வாக்கியங்களும் சிக்கலானவை அல்ல, ஆயினும் முதல் இரு குழுவினரும் குறிச்சி புகுந்த மானின் நிலையிலேயே இருந்தனர். பின்னர் வந்த தலைப்பு இரண்டாம் குழுவினருக்கு ஒன்றும் செய்யவில்லை என்பதே இச்சோதனையின் கூர்மையான முடிவு. பாயிரம் ஏன் நூலின் தலையில் நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

இதைக் கொண்டு, அண்மைக் கல்வியியலின் கொள்கை முழுவதையும் முன்னோர் கண்டுவிட்டனர் என்று மகிழ்வோர் கூற்றை ஏற்பதற்கில்லை. டேவிட் ஆசுபெல் 1960இல் முன்வைத்த முன்னொழுங்கமைப்பு, அதாவது பாடத்துக்கு முன் தரப்படும் அறிமுகப் பகுதி, பாடத்தைவிட உயர்ந்த பொதுமைத் தளத்தில் அமைய வேண்டும் என்பது அவர் விதி. எஃகின் பண்புகள் பற்றிய அவருடைய சோதனையில் ஒப்பீட்டுக் குழுவுக்குத் தரப்பட்டது வரலாற்று முன்னுரை. அதைப் படித்தோரைவிட முன்னொழுங்கமைப்பைப் படித்தோர் பாடத்தை நன்கு கற்றனர். பாயிரத்திலோ வரலாறும் உண்டு, பொதுமையும் உண்டு, இரண்டும் கலந்தே நிற்கின்றன. மேலும் ஆசுபெல் கொள்கையைச் சோதித்த 32 ஆய்வுகளை 1975இல் தொகுத்து நோக்கியபோது, பயன் உண்டு எனக் காட்டியவை 12 மட்டுமே. ஆகவே முன்னறிமுகம் எதுவாயினும் பயன் தரும் என்ற பொதுக்கூற்று நிற்காது, எவ்வகை அறிமுகம் என்பதே வினா. நச்சினார்க்கினியர் கூறுவது இடம் காட்டும் அறிமுகத்தையே.

கற்றலைப் பங்கிட்டுக் கூறும் நன்னூல், ஆசிரியனிடம் கால் பங்கும் உடன் பயில்வோரிடம் கால் பங்கும் பிறர்க்கு உரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கும் அமையும் என்கிறதேயன்றி முன்னறிதலுக்குப் பங்கு ஏதும் தரவில்லை என்று ஒரு தடை எழுப்பப்படலாம். அக்கணக்கு நூல் கேட்கத் தொடங்கிய பின்னர் நிகழ்வனவற்றுக்கு உரியது. துளையைத் தையலோடு சேர்த்து எண்ணுவார் இல்லை. பக்கங்களைப் புரட்டித் தலைப்புகளை நோட்டமிடும் இக்கால முன்வாசிப்பு ஏட்டுச்சுவடிக் காலத்தில் இயலாதே என்னும் தடை இதைவிட வலுவுடையது போலத் தோன்றினும், உண்மையில் இக்கட்டுரையின் கருத்துக்கே அது அரண் செய்கிறது. நூலை ஆசிரியர் வாய்மொழியாகக் கேட்டுக் கற்றவனுக்கு அடுத்து வருவதைத் தானே புரட்டிப் பார்த்துக்கொள்ளும் வாய்ப்புக் குறைவு. அவ்வாய்ப்பு இல்லாதவனுக்கே பாயிரம் மிகுதியும் தேவைப்பட்டது.

பாயிரத்தில் புகழ்ச்சி உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை, அதுவே அதன் நோக்கம் என்பதுதான் மறுக்கத்தக்கது. உரைப்பதிப்புகளுக்குப் பொருளடைவு அமைப்போர் இவ்வுரைப்பகுதியைப் புகழுரை, நூல் வரலாறு ஆகிய தலைப்புகளின் கீழ் மட்டும் நிறுத்தாமல், பாடங்கேட்டல் என்ற தலைப்பின் கீழும் சேர்த்தல் வேண்டும்.