முடி மெலிதலும் உடைதலும்: ஆயுர்வேத வழிமுறைகள்

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பானதே. அதற்கு மேல் தொடர்ந்து உதிர்ந்தாலோ, வகிடு அகன்று தெரிந்தாலோ, முடி இடையில் முறிந்தாலோ அதன் காரணத்தை அறிதல் வேண்டும். தைலம் முடியைப் பாதுகாக்க உதவும். ஆனால் காரணம் உடலுக்குள் இருக்குமாயின், தைலம் மட்டும் போதாது.

உதிர்கிறதா, உடைகிறதா?

சீப்பில் வந்த முடியை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் வெண்ணிறச் சிறு குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்த முடியாகும். குமிழ் இன்றிக் குட்டையாக இருந்தால் அது இடையில் உடைந்த முடியாகும்.

வேரோடு உதிர்வதற்குக் கடுங்காய்ச்சல், மகப்பேறு, அறுவை சிகிச்சை, இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, மரபு வழி வழுக்கை ஆகியவை காரணங்களாகலாம். காய்ச்சலுக்கோ மகப்பேற்றுக்கோ பின் 2 முதல் 3 மாதங்கள் கழித்தே உதிர்தல் தொடங்குவதால், பலர் இவ்விரண்டையும் தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை. இவ்வகை உதிர்தல் பெரும்பாலும் தானாகவே சீராகும்.

முடி உடைவதற்குச் சாயம், வெளுப்பான், சூடான கருவிகள், ஈரத்தில் சீவுதல் ஆகியவை முக்கியக் காரணங்கள். நாள்தோறும் இறுக்கிப் பின்னுவதால் முடி உடைவதோடு, நெற்றியோர முடி நிலையாகவே இழக்கப்படவும் கூடும்.

ஆயுர்வேதம் கூறுவது

ஆயுர்வேதத்தில் முடி, எலும்புத் தாதுவிலிருந்து தோன்றும் கழிவுப்பொருளாகக் கருதப்படுகிறது. வாதத்துடன் சேர்ந்த பித்தம் முடியை வேர்க்காலிலிருந்து உதிரச் செய்கிறது என்றும், பின்னர் கபமும் இரத்தமும் அத்துளையை அடைப்பதால் புதிய முடி முளைப்பதில்லை என்றும் சுசுருத சம்ஹிதை விளக்குகிறது. இது நவீன மருத்துவத்தினின்று வேறுபட்ட விளக்கமாகும். எனினும் சிகிச்சையின் முதற்படியாக ஆயுர்வேதம் வலியுறுத்துவது 'நிதான பரிவர்ஜனம்', அதாவது நோய்க்கான காரணத்தை விலக்குதல். இதில் இரு மருத்துவ முறைகளும் ஒன்றுபடுகின்றன.

பயன்படுத்தப்படும் சிகிச்சைகள்

• தலையில் எண்ணெய் தேய்த்தல் (சிரோ அப்யங்கம்): கரிசலாங்கண்ணி சேர்ந்த பிருங்கராஜ தைலம், அவுரி, கரிசலாங்கண்ணி, நெல்லிக்காய் முதலியவை சேர்த்துக் காய்ச்சிய நீலிபிருங்காதி தைலம் ஆகியவை வழக்கில் உள்ளன. தேங்காய் எண்ணெய் முடித்தண்டினுள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைப்பது ஆய்வுகளில் அறியப்பட்டுள்ளது. எனவே உடையும் முடிக்கு இது பயன் தரும். கரிசலாங்கண்ணி முடி வளர்ச்சியைத் தூண்டுவது விலங்குகளில் காணப்பட்டிருப்பினும், மனிதர்களில் போதிய சான்றுகள் இல்லை.
• மூக்கில் மருந்து விடுதல் (நஸ்யம்): தகுதி பெற்ற ஆயுர்வேத மருத்துவரே செய்ய வேண்டும். வீட்டில் முயல வேண்டாம்.
• உணவு: நெல்லிக்காயிலுள்ள வைட்டமின் சி, கீரை, பயறு ஆகியவற்றின் இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவுகிறது. உணவுடன் தேநீர், காபி அருந்துவதைத் தவிர்க்கவும்.

புதிய தைலத்தை முதலில் முன்கையில் சிறிது தடவி, அரிப்போ தடிப்போ தோன்றுகிறதா என ஒரு நாள் கவனிக்கவும். பொடுகு மிகுந்திருந்தால் எண்ணெய் அதனை அதிகரிக்கக்கூடும். முதலில் பொடுகுக்குச் சிகிச்சை பெறவும்.

தைலத்திற்கு முன் பரிசோதனை

வேரோடு உதிர்தல் தொடர்ந்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகி ஹீமோகுளோபின் அளவைப் பரிசோதித்துக்கொள்ளவும். மருத்துவர் கருதினால் தைராய்டு, இரும்புச்சத்துப் பரிசோதனைகளுக்கும் அனுப்புவார். அதிக மாதவிடாய்ப் போக்கு உள்ள பெண்கள் அதனை மருத்துவரிடம் தயங்காமல் கூறவும். இரத்தசோகையைக் கவனியாமல் பல மாதங்கள் தைலம் மட்டும் தேய்ப்பதால் முடியும் மீளாது. களைப்பும் மூச்சிரைப்பும் கூடும்.

உட்கொள்ளும் மருந்துகளில் எச்சரிக்கை

சில ஆயுர்வேத மருந்துகள் உலோகங்களையும் கனிமங்களையும் கொண்டு தயாரிக்கப்படுகின்றன. முறையாகத் தயாரிக்கப்படாதவற்றில் ஈயம், பாதரசம் போன்றவை நச்சு அளவில் இருக்கக்கூடும். ஆகவே உரிம எண், தொகுதி எண், தயாரிப்பு நாள் அச்சிடப்படாத சூரணங்களையும் லேகியங்களையும் வாங்க வேண்டாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள், சிறுநீரக அல்லது கல்லீரல் நோயுள்ளவர்கள் மருத்துவர் ஆலோசனையின்றி எதனையும் உட்கொள்ளக் கூடாது. தைராய்டு மாத்திரைகளையோ இரும்புச்சத்து மாத்திரைகளையோ தாமாக நிறுத்த வேண்டாம். இவ்விரண்டையும் உட்கொள்பவர்கள் இடையே 4 மணி நேர இடைவெளி விடவும்.

தாமதிக்கக் கூடாத நிலைகள்

• வட்ட வட்டமாக முடி கொட்டுதல் (புழுவெட்டு)
• தலைத்தோலில் வலி, சீழ், செதில், அல்லது வழவழப்பான தழும்பு
• குழந்தையின் தலையில் அரிப்புடன் முடி உடைதல். இது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம்
• முடி உதிர்தலுடன் எடை மாற்றம், மிகுந்த களைப்பு, அல்லது மாதவிடாய் மாற்றம்

தழும்பேற்படுத்தும் நோய்களில் வேர்க்கால் அழிந்த பின் முடி மீண்டும் முளைப்பதில்லை. அதனால் இங்கு காலமே முக்கியம்.

பராமரிப்பவர்களுக்கு

புற்றுநோய்க்கான கீமோதெரபியின்போது உதிரும் முடி, சிகிச்சை முடிந்த பின் பெரும்பாலும் மீண்டும் வளரும். அதுவரை மூலிகை மருந்துகளை உள்ளுக்குக் கொடுப்பது சிகிச்சையைப் பாதிக்கக்கூடும். புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் எதனையும் கொடுக்க வேண்டாம்.

முடி மாதத்திற்குச் சுமார் 1 சென்டிமீட்டர் மட்டுமே வளர்கிறது. ஆகவே எந்தச் சிகிச்சையின் பயனையும் அறிய 3 முதல் 6 மாதங்கள் ஆகும். மருத்துவரிடம் செல்லும்போது நீங்கள் பயன்படுத்தும் தைலங்கள், மருந்துகள் அனைத்தையும் அவற்றின் உறைகளுடன் எடுத்துச் செல்லவும்.