குருவி "எடுத்த" கதை: துப்பாக்கியிலிருந்து கமரா வரை



குமணைக்குப் போய் வந்த நம்மூர்த் தம்பிமார் சிலர் போட்ட வீடியோ ஒன்று இரண்டு நாளாக மனதை உறுத்துகிறது. கூடு கட்டியிருக்கும் மரங்களைப் பார்த்துக் கைதட்டிக் கூச்சல் போடுகிறார்கள். நாரைக் கூட்டம் மொத்தமாக எழும்புகிறது. கீழே "சூப்பர் ஷொட்" என்று கொமெண்ட்டுகள். அவர்களைத் திட்ட இதை எழுதவில்லை. கொஞ்சம் வரலாறு சொல்லத்தான்.

1870களில் பறவை "எடுப்பது" என்றால் சுட்டு எடுப்பதுதான். பிரித்தானியப் பீரங்கிப் படை அதிகாரி லெக் இலங்கைப் பறவைகளைப் பற்றி எழுதிய பெரிய நூல் 1878 முதல் 1880 வரை பகுதி பகுதியாக வந்தது. அதற்கு வர்ணப்படம் வரைந்தவர் கியூலெமன்ஸ். பதப்படுத்திய பறவைத் தோல்களை வைத்துத்தான் வரைந்தார். கையில் கிடைத்தால்தான் இனம் சொல்ல முடிந்த காலம் அது.

பிறகு கொழும்பு நூதனசாலையில் பணியாற்றிய ஜி. எம். ஹென்றி வந்தார். தானே படம் வரைந்து அவர் எழுதிய வழிகாட்டி 1955இல் வெளியானது. உயிருள்ள பறவையைத் தூர நின்றே இனங்காண அது பலரைப் பழக்கியது. துப்பாக்கியின் வேலை குறைந்தது. அந்த இடத்துக்குத்தான் பின்னாளில் கமரா வந்தது.

நம் மாவட்டத்தின் குமண 1938இலேயே சரணாலயமானது. அங்குள்ள வில்லு சுமார் 200 ஹெக்டேயர். கும்புக்கன் ஓயாவிலிருந்து ஒடுங்கிய வாய்க்கால் வழியே தண்ணீர் வருகிறது. சுற்றிலும் தண்ணீர் நிற்பதால் கண்டல் மரத்துக் கூடுகளை நரி போன்றவை எளிதில் நெருங்க முடியாது. மே முதல் ஜூலை வரை நாரை, கொக்கு, கூழைக்கடா எல்லாம் அங்கே கூடு கட்டும். தீவில் விரல்விட்டு எண்ணக்கூடிய கறுப்புக் கழுத்து நாரையையும் அதிர்ஷ்டம் இருந்தால் அங்கே காணலாம்.

யுத்தத்தால் 1985இல் மூடப்பட்ட பூங்கா 2003இல்தான் திறந்தது. அடுத்த ஆண்டே சுனாமி. அதையும் தாங்கி, 2010இல் ராம்சர் ஈரநிலமாகப் பதிவானது.

யுத்தமும் கடலும் முடிக்காததை நம் கைதட்டல் முடிக்கலாமா? தாய்ப்பறவை எழும்பினால் முட்டை வெயிலில் காயும், காகம் தூக்கும். சைபீரியாவிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து களைத்து வரும் உள்ளானை விரட்டினால், அது இரை தேடிச் சேர்த்த பலம் வீணாகும்.

தம்பிமாரே, பறவை தானாகப் பறக்கும்வரை காத்திருங்கள். காத்திருந்து எடுத்த படத்தில்தான் அதன் உண்மையான வாழ்க்கை இருக்கும்.

குமணைக்குப் போக வசதி இல்லாத பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தி. மாரி தொடங்கியதும் நம் கரவாகு வட்டைக்கும் விருந்தாளிகள் வருவார்கள். ஒரு காலத்தில் உள்ளானைச் சுட்டுக் கறியாக்கிய கதையை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். பிறகு வரம்பில் சத்தமில்லாமல் உட்கார்ந்து பாருங்கள். கையில் ஒரு கொப்பி போதும்.