பள்ளிக்கூடத்துப் பேரேடு

தமிழ்ச் சங்க மலருக்குக் கல்வி வரலாறு பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது தயங்கினேன். நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். நீலசந்திராவில் பாத்திரக் கடை வைத்துப் பிழைப்பவன். கடை மூடிய பிறகு, படித்த பழைய புத்தகங்கள்தாம் எனக்கு ஆசிரியர்கள். ஆனால் வியாபாரிக்கு ஒன்று தெரியும்: நாள்வழியில் எழுதாத பாக்கி வசூலாகாது. கல்வியில் நியாயம் என்பதும் அப்படித்தான் என்று வரலாறு படிக்கப் படிக்க எனக்குத் தோன்றுகிறது. அதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் என் கடையில் பாத்திரம் துலக்கி அடுக்கும் அம்மா ஒருவர், மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனார். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "போவட்டும் மொதலாளி, வீட்டுல தம்பியப் பாத்துக்கும்" என்றார். நானும் "சரிம்மா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். அந்தச் "சரிம்மா" இன்றும் என்னை உறுத்துகிறது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 'பள்ளி' என்ற சொல் சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடத்தைக் குறித்தது. அங்கே பாடமும் நடந்ததால் கல்விக்கூடத்துக்கும் அப்பெயர் வந்தது என்று அறிஞர் பலர் கூறுவர். எங்கள் சமூகத்தார் நிறைந்த வந்தவாசி வட்டத்தில் வேடல் என்று ஓர் ஊர் உண்டு. அங்குள்ள சோழர் காலக் கல்வெட்டு ஒன்று, முதலாம் ஆதித்தன் காலத்தது, அதாவது 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, என்று கருதப்படுகிறது. கனகவீரக் குரத்தியார் என்ற பெண் துறவியையும் அவருடைய 500 மாணவியரையும் அது குறிப்பிடுகிறது. குரத்தி என்றால் பெண் குரு. அவர்களுக்கும் வேறு 400 பேருக்கும் பிணக்கு வந்தபோது, குரத்தியாரையும் மாணவியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றனர். இது துறவியர் கல்வி. இன்றைய பள்ளிக்கூடத்தோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. ஆனாலும் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். எத்தனை பேர் என்ற எண்ணிக்கை கல்லில் இருக்கிறது. யார் பொறுப்பு என்பதும் அதே கல்லில் இருக்கிறது.

அடுத்து சுமார் 900 ஆண்டுகளைத் தாண்டி வருவோம். சென்னை மாகாண கவர்னர் சர் தாமஸ் மன்றோ, 1822 ஜூன் மாதம் ஓர் ஆணை போட்டார். ஒவ்வொரு கலெக்டரும் தம் மாவட்டத்தில் எத்தனை பள்ளி, அதில் எந்தெந்தப் பிரிவுப் பிள்ளைகள் எத்தனை பேர், ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று கட்டம் போட்ட படிவத்தில் நிரப்பி அனுப்ப வேண்டும். கணக்கு வந்து சேர மூன்று வருடம் ஆயிற்று. ஏறக்குறைய 1 கோடியே 28 லட்சம் மக்களுக்கு 12,498 பள்ளிகள், 1 லட்சத்து 88 ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகள் என்று 1826 மார்ச்சில் மன்றோ தொகுத்து எழுதினார்.

இதில் பல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை கர்நாடகத்தில் வாழும் நாம் படிக்க வேண்டிய ஒன்று. பல்லாரி அன்று சென்னை மாகாணம். மாவட்டத்தில் 533 பள்ளிகள், 6,641 பிள்ளைகள். ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய ஏழு பேர்தான் தேறினர். பெண் குழந்தைகள் மொத்தம் 60. கன்னடம் 235 பள்ளிகளில், தெலுங்கு 226இல், மராத்தி 23இல், பாரசீகம் 21இல், தமிழ் 4 பள்ளிகளில், ஆங்கிலம் ஒரே ஒன்றில். வறுமையால் பெற்றோர் பிள்ளைகளைப் படிக்க அனுப்ப முடியவில்லை என்றும், முன்பு ஆட்சியாளர் கொடுத்த ஆதரவு நின்றுபோனது என்றும் அவரே ஒப்புக்கொள்கிறார். கும்பினி உத்தியோகஸ்தரே கும்பினிக்கு எதிராக எழுதிய பற்றுச்சீட்டு அது! ஆனால் கனரா மாவட்டக் கலெக்டரோ, படிவத்தை நிரப்புவது வீண் வேலை என்று எண்ணிக்கையே தராமல் விட்டுவிட்டார். அந்த மாவட்டத்தில் யார் படித்தார்கள், யார் படிக்கவில்லை என்று இன்று நமக்குத் தெரியாது. காலியான கட்டத்தில் எத்தனை குழந்தைகள் மறைந்தார்களோ!

இன்னொரு செய்தி. மூத்த மாணவன் இளைய மாணவனுக்குச் சொல்லிக்கொடுப்பது நம் திண்ணைப் பள்ளி முறை. சென்னையில் அனாதைச் சிறுவர் விடுதி நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டார். இதையெல்லாம் தம் விடுதியில் கையாண்டு, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம் என்று அது அங்கே பரவியது. ஐரோப்பாவின் ஏழைக் கல்விக்கு நம் திண்ணையும் கடன் கொடுத்திருக்கிறது.

ஆனால் கடன் வாங்கியவர்கள் பிறகு நம்மை முந்திவிட்டார்கள். மன்றோ கணக்கெடுத்தார், மாவட்டந்தோறும் தாலுகாதோறும் பள்ளி வைக்கத் திட்டமும் போட்டார். 1827இல் காலராவில் இறந்துபோனார். அடுத்த சில ஆண்டுகளில் திட்டமும் கைவிடப்பட்டது. கணக்கு இருந்தது, பதில் சொல்ல ஆள் இல்லை. இங்கிலாந்திலோ 1870ஆம் ஆண்டுச் சட்டம், எந்த வட்டாரத்தில் எத்தனை குழந்தைகளுக்குப் பள்ளியில் இடம் இல்லை என்று கணக்கெடுக்க வைத்தது. குறை இருந்த இடத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த கல்வி வாரியம் வந்தது. பெண்களும் அதில் உறுப்பினராகலாம். கணக்கும் பொறுப்பும் அங்கே ஒன்றாகச் சேர்ந்தன.

நம் மைசூர் சமஸ்தானமும் சும்மா இருக்கவில்லை. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1918இல் தலைமை நீதிபதி சர் லெஸ்லி மில்லர் தலைமையில் குழு அமைத்தார். அரசுப் பணியில் யார் எவ்வளவு பேர் என்று அது கணக்குப் பார்த்தது. ஏழாண்டுக்குள் உயர் பதவிகளில் பாதியும், கீழ்நிலைப் பதவிகளில் மூன்றில் இரண்டு பங்கும் பின்தங்கிய வகுப்பாருக்குச் சேர வேண்டும், அதற்குப் படிப்பு உதவித்தொகை வேண்டும் என்றது. திவான் விஸ்வேஸ்வரய்யா போன்ற பெரியவர்கள் தகுதி கெடும் என்று அஞ்சினர். அந்த வாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் யார் வெளியே நிற்கிறார் என்று எண்ணிப் பார்த்த பின் அரசு கண்ணை மூடிக்கொள்ள முடியவில்லை. தமிழர் திரண்டு வாழ்ந்த தண்டுப் பகுதி 1881 முதல் 1947 வரை பிரிட்டிஷ் நிர்வாகத்தில் இருந்ததால், மகாராஜாவின் ஆணை அங்கே செல்லவில்லை என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

இப்போது அந்தச் "சரிம்மா"வுக்கு வருகிறேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் நகலைப் பிறகுதான் முழுதாகப் படித்தேன். வயதுச் சான்று இல்லை என்று எந்தக் குழந்தைக்கும் இடம் மறுக்கக் கூடாது என்று 14ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. கல்வெட்டில் 500 மாணவியரைத் தேடிப் படித்த எனக்கு, கண்ணெதிரே நின்ற ஒரு சிறுமிக்கான சட்டம் தெரியவில்லை. அடுத்த ஜூனில் அந்த அம்மாவுடன் நானே ஓர் அரசுப் பள்ளிக்குப் போனேன். சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் போன ஒரு வருடம் போனதுதான். அந்த நஷ்டம் யாருடைய பேரேட்டிலும் இல்லை.

அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு, பள்ளி நிர்வாகக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. கர்நாடகத்தில் 2001 முதலே எஸ்.டி.எம்.சி. என்ற பெயரில் இத்தகைய குழுக்கள் உண்டு. வேடல் ஊரார் ஏற்ற பொறுப்பு இன்று சட்டமாகவே நம் கையில் இருக்கிறது. ஆனால் நம்மில் எத்தனை பேர் அந்தக் கூட்டத்துக்குப் போகிறோம்? "நமக்குக் கன்னடம் சரியா வராது, எதுக்கு வம்பு" என்று ஒதுங்குகிறோம். ஒதுங்கினால் நம் கட்டமும் கனராக்காரர் விட்ட கட்டம்போல் காலியாகத்தான் இருக்கும்.

சங்கத்து அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். மலர் போடுகிறோம், பொங்கல் விழா எடுக்கிறோம், நல்லது. கூடவே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குவோம். நம் தெருக்களில் பள்ளிக்குப் போகாத குழந்தை யார், ஏன் போகவில்லை என்று எழுதுவோம். தமிழ்க் குழந்தை, உருது பேசும் குழந்தை, கன்னடக் குழந்தை என்று பிரித்துப் பார்க்க வேண்டாம், தெருவில் இருக்கும் எல்லாரையும் எழுதுவோம். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் பதில் சொல்ல நம்மில் ஒருவர் பெயர் இருக்கட்டும். நோட்டை நான் வாங்கித் தருகிறேன். முதல் பக்கத்தில் என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.